கடலூர்க் கைவண்ணம்

பழைய வண்டி விற்பவர்களின் திறமையைப் புகழ்ந்து நம் பக்கத்தில் யாரும் எழுதியதில்லை. அவர்களுக்குச் சேரவேண்டிய புகழ் நெடுநாளாகப் பாக்கி இருக்கிறது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஒரு டீசல் ஃபோர் வீல் வண்டி எத்தனை கைகள் மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் அதன் வயது எப்படிக் குறைகிறது என்று கவனித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பழைய ஜீப்போ, தாரோ, ஸ்கார்பியோவோ, சஃபாரியோ, ஃபார்ச்சூனரோ, பத்து வருடம் உழைத்து ஓய்ந்த வண்டியை வாங்கிச் சில நாளில் மாப்பிள்ளைக் கோலத்தில் நிறுத்திவிடுகிறார்கள். இதற்குக் கண் வேண்டும், கை வேண்டும், பொறுமை வேண்டும். மூன்றும் அவர்களிடம் உண்டு. உள்ளதை உள்ளபடி சொல்லி விற்கிற வியாபாரிகளும் இந்தச் சாலையில் இருக்கிறார்கள். இந்தப் புகழ்ச்சி அவர்களுக்கு உரியதல்ல. அவர்களுக்கு இது தேவையும் இல்லை.

முதலில் அடிப்பாகத்து வேலையைப் பாராட்ட வேண்டும். நம்முடையது கடலோர மாவட்டம். முதுநகர் துறைமுகத்திலும் அன்னங்கோயிலிலும் முடசலோடையிலும் மீன் ஏற்றும் வண்டிகளின் பின்பக்கத்திலிருந்து ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கத்து இறால் பண்ணைகளுக்குப் போய்வரும் வண்டிகளும் அப்படித்தான். ஃபோர் வீல் வண்டிகளில் பெரும்பாலானவை ஏணி போன்ற தனிச் சேஸின் மேல் நிற்பவை. நீளவாக்கில் ஓடும் இரண்டு இரும்புப் பெட்டிகள், குறுக்கே சில சட்டங்கள். அந்தப் பெட்டிகளில் உள்ள துளைகள் வழியே உப்புத் தண்ணீரும் சேறும் உள்ளே போய்த் தங்கிவிடும். துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே தெரியும்போது தகடு பாதி தீர்ந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் பட்டறைக்காரரின் அக்கறை வெளிப்படுகிறது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங் அடித்து, ஒரு விரற்கடை இடம்கூட விடாமல் கறுப்பு அண்டர்கோட்டிங் பூசிவிடுகிறார். வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பவரிடம் இந்தச் சீரான வேலையைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. குனிந்து பார்ப்பவர் கண்ணுக்குப் புது வண்டியின் அடிவயிறு தெரியும். அந்தக் கறுப்பு எவ்வளவு புதிதோ அவ்வளவு நேரம் அங்கே செலவழியுங்கள். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சேஸை நீளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்துப் போன இடம் மந்தமாக அடங்கும். பின்பக்க லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் கொண்டி, பாடியைச் சேஸோடு பிடிக்கும் ரப்பர்கள் உட்கார்ந்திருக்கும் இடம், டீசல் டேங்குக்கு மேலே கை மட்டும் நுழையும் சந்து, இந்த மூன்றும் முக்கியம். பழைய சேறு காய்ந்து ஒட்டி, மேலாகச் செம்பழுப்பு படிந்து கிடக்கும் சேஸைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அதன் நிலைமையை நம்மால் பார்த்து அறிய முடியும். பூசி மெழுகியதில் அது முடியாது.

அடுத்தது வெள்ளம். இதில் அவர்கள் காட்டும் திறமைக்கு ஈடே இல்லை என்று சொல்வேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைத் தாக்கியது. 2015 நவம்பரிலும் டிசம்பரிலும் மாவட்டத்தின் பல ஊர்கள் தண்ணீரில் நின்றன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணை கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. 2015-லும் 2023-லும் சென்னை மூழ்கியது. இத்தனை வெள்ளத்திலும் வண்டிகள் மூழ்கின. காப்பீட்டு நிறுவனங்கள் பலவற்றை மொத்த இழப்பு என்று எழுதித் தள்ள, அவை ஏலத்தில் கைமாறின. ஆனால் கேட்டுப் பாருங்கள், விற்பனைக்கு நிற்கும் வண்டிகளில் தண்ணீர் பார்த்த வண்டி ஒன்றுகூட இருக்காது. ஊரே மூழ்கிய வாரத்தில் அந்த வண்டி மட்டும் மேட்டுப்பாங்கான ஷெட்டில் நின்றிருக்கும். இவ்வளவு வண்டிகளைக் காப்பாற்றிய அந்த மேட்டை மாவட்ட நிர்வாகம் கண்டுபிடித்தால் அடுத்த வெள்ளத்தில் மக்களை அங்கே கொண்டுபோய் வைக்கலாம்.

வண்டிக்குள் நடக்கும் வேலையும் நுட்பமானது. சீட்டுகளைக் கழற்றி வெயிலில் காயவைக்கிறார்கள். கார்ப்பெட் புதிது. டேஷ்போர்டுக்குப் பாலிஷ். கதவைத் திறந்தால் மல்லிகையோ எலுமிச்சையோ மணக்கும். அந்த மணத்தை மதித்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கால் மணி நேரம் உள்ளேயே உட்காருங்கள். ஏசியை வைத்து, பிறகு நிறுத்துங்கள். அடியில் இருக்கும் பூஞ்சை வாடை மெல்ல மேலே வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். யாரும் அதுவரை இழுப்பதில்லை என்பதால் யாரும் அதுவரை கழுவுவதும் இல்லை. தண்ணீர் நின்ற மட்டம் அங்கே கோடாக இருக்கும். சீட் நகரும் தண்டவாளத்தின் போல்ட், பெடலுக்கு மேலே இருக்கும் பிராக்கெட், ஹெட்லைட்டின் உட்புறம், ஃபியூஸ் பெட்டியின் அடித்தட்டு, வயர் கப்ளிங்கில் பச்சை பூத்த செம்பு ஆகியவற்றைப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் விளக்குகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கைத் தனியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னே யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள்.

வெள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதே எஞ்சின் நின்ற வண்டி இன்னும் மோசம். டீசல் எஞ்சின் காற்றைப் சுமார் பதினாறு, பதினேழு மடங்கு அழுத்தி எரிய வைப்பது. காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. காற்று வடிகட்டி வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்தால், மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். லேசாக வளைந்த ராடோடு எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகும், ஓடும், விற்கும். பல மாதம் கழித்து, நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும்போது, அந்த ராடு உடைந்து எஞ்சின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் தனித்தனியே அளந்தால் ஒன்று மட்டும் குறைந்து நிற்பது தெரிந்துவிடும். நல்ல டீசல் மெக்கானிக்கிடம் அதற்கான மீட்டர் இருக்கும். விற்பவர்களில் பலருக்கும் இது தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருக்கும் அடக்கத்தை என்னவென்று புகழ்வது?

வஞ்சப்புகழ்ச்சிக்கு நம் மொழியில் முன்னோடி ஔவையார். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போனவர், அவனுடைய ஆயுதக் கொட்டிலைப் பார்த்து, பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசிக் காவலில் வைத்த படைக்கலங்களின் அழகைப் பாராட்டினார். எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் சொன்னார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது. பழைய ஃபோர் வீல் வாங்கப் போகிறவர் அந்தப் பாட்டை ஒருமுறை படித்துவிட்டுப் போகலாம். சேற்றில் இறங்கி வேலை செய்த வண்டியின் இடம் பட்டறை. அதன் பம்பரில் கீறலும் மட்கார்டில் ஒடுக்கும் இருக்கும். கூடவே சர்வீஸ் பில்லும் இருக்கும். எந்த வருடம் கிளட்ச் மாற்றினார்கள், எந்த வருடம் இன்ஜெக்டர் பார்த்தார்கள் என்று தேதியோடு கிடைக்கும். கீறலே இல்லாத பத்து வருட வண்டியிடம் பில்லும் இருக்காது.

விருந்தோம்பலையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தால், ஒன்பதரைக்கே வண்டியை ஸ்டார்ட் செய்து, சூடாக்கி, அணைத்து வைத்திருப்பார்கள். காலையில் தூக்கம் கலையாத டீசல் எஞ்சின் வாடிக்கையாளர் முன் இருமக்கூடாது என்ற நல்லெண்ணம். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். மறுநாள் விடிகாலையில் சொல்லாமல் போங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் சில நொடிகளில் கக்கும் புகை உண்மை பேசும். வெள்ளைப் புகை நெடுநேரம் நின்றால் ஹீட்டர் பிளக்கோ, இன்ஜெக்டரோ, கம்ப்ரஷனோ சரியில்லை. நீலம் வந்தால் ஆயில் எரிகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கறுப்பு கொட்டினால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம் போகிறது. டர்போவையும் இன்டர்கூலர் குழாயையும் பார்க்க வேண்டும். ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி சரி. பீடிப் புகைபோல் விட்டு விட்டு அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த காற்று கீழே இறங்குகிறது என்று பொருள். எஞ்சினைப் பிரிக்கும் செலவு காத்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். உள்ளே கூலன்ட்டின் நிறம் தெரிய வேண்டும். துருத்தண்ணீரோ எண்ணெய்ப் படலமோ தெரிந்தால் வேண்டாம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி ஒன்று புகைக்குழாயில் இருக்கும். ஊருக்குள்ளேயே ஓட்டினால் அது சூடேறாமல் அடைத்துக்கொள்ளும். புதியது வாங்கப் பெரிய தொகை ஆகும். சிலர் அதை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயை வைத்துவிடுவார்கள். இது சட்டப்படி குற்றம். எஃப்.சி.க்குப் போகும்போது வாங்கியவர்தான் மாட்டுவார்.

ஃபோர் வீல் வண்டி வாங்குவதே அந்த நான்கு சக்கரமும் இழுப்பதற்குத்தான். இங்கே அவர்களின் எளிமை மெய்சிலிர்க்க வைக்கிறது. லீவரை ஒருமுறை முன்னே தள்ளி, டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரிவதைக் காட்டி, "ஃபோர் வீல் பக்காண்ணே, ஒரு ரூபா செலவில்ல" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். விளக்கு எரிவதற்கு ஒரு ஸ்விட்ச் போதும். முன் சக்கரம் சுற்ற டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பிராபெல்லர் ஷாஃப்ட், முன் ஆக்ஸில், ஹப் எல்லாம் வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க முன் ஷாஃப்டையே கழற்றி எங்கோ போட்டுவிட்ட வண்டிகள் உண்டு. டூ வீல் டிரைவ் வண்டிக்குப் பின்னால் 'ஃபோர் இன்டு ஃபோர்' ஸ்டிக்கர் ஒட்டியதும் உண்டு. கீழே படுத்துப் பாருங்கள், ஷாஃப்ட் இருக்கிறதா என்று. பிறகு வண்டியைத் தார்ச்சாலையில் சோதிக்காதீர்கள். பழைய வகை ஃபோர் வீலில் காய்ந்த தாரில் திருப்பினால் முன், பின் அச்சுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பல்சக்கரம் கெடும். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பின் செம்மண் பாதையோ கொள்ளிடக் கரையின் மணல் தடமோ போதும். ஒருவர் வெளியே நின்று கவனிக்க, லோ கியரில் மெதுவாக மணலுக்குள் விடுங்கள். முன் சக்கரம் மண்ணைக் கிளறி இழுப்பது வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். லோவிலிருந்து ஹைக்கும், ஹையிலிருந்து டூ வீலுக்கும் திரும்பி வருகிறதா என்பதையும் பாருங்கள். பட்டன் வகையில் மாற்றும் சிறு மோட்டார், வருடக்கணக்கில் தொடாமலே விட்டால் இறுகிப்போகும்.

ஆக்ஸில் ஆயிலையும் கேளுங்கள். ஓடிச் சூடான ஆக்ஸில் திடீரென்று தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மூடியைத் திறந்தால் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கும். வெள்ளத்தில் இறங்காத வண்டி என்று சத்தியம் செய்தவரிடம் அந்த நிறத்தைக் காட்டலாம்.

மீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை எழுபதாயிரம் ஆக்கும் கணக்கு அறிவை மதிக்கிறேன். மிதித்துத் தேய்ந்த பிரேக் பெடல் ரப்பரும், வழவழத்துப்போன ஸ்டியரிங்கும், கம்பெனி சர்வீஸ் சென்டரின் பழைய பதிவும் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. அது வண்டியின் வருடத்துக்குப் பிந்தியதாக இருந்தால், முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு ஏன் இரண்டாவது செட் டயர் என்று கேளுங்கள்.

காகித வேலையில் அவர்கள் நம்மேல் வைக்கும் நம்பிக்கை நெகிழ வைப்பது. பழைய சொந்தக்காரர் கையெழுத்து மட்டும் போட்ட 29, 30 எண் படிவங்களை வெறுமையாக நம் கையில் கொடுத்து, "பெயர் மாத்துறத அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவுப்படி, மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.விடம் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே விற்றவரும் இதில் அகப்படுவார். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.வின் அங்கீகாரச் சான்றிதழ் பெற வேண்டும் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முகம் மாறாமல் எடுத்துக் காட்டுபவரிடம் மேலே பேசலாம்.

முள்ளோடையில் புதுச்சேரி எல்லை தொடங்குகிறது. அங்கே சாலை வரி குறைவு என்பதால் பி.ஒய். எண்ணோடு எத்தனையோ வண்டிகள் நம் ஊரில் ஓடுகின்றன. வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்ய வேண்டும், அதற்கு என்.ஓ.சி. வேண்டும், வரி கட்ட வேண்டும். விலை மலிவாகத் தெரிவதில் பாதி இந்த வரிதான். டெல்லி வண்டிகளும் அப்படி. பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டி தலைநகரில் ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்ததால், நல்ல வண்டிகளும் மட்டமான வண்டிகளும் சேர்ந்தே தெற்கே இறங்கின. என்.ஓ.சி. அசல் கையில் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். எம்-பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டு, கடன், அபராதம், காப்பீடு பாருங்கள். சேஸில் பொறித்த எண்ணை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த எண்ணைச் சுற்றி மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் உடனே கிளம்புங்கள்.

பழைய ஜீப்பில் வேறு எஞ்சின், உயர்த்திய சஸ்பென்ஷன், யானைக்கால் டயர் போட்ட வண்டிகளுக்கு ரசிகர்கள் அதிகம். தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறான மாற்றம் செல்லாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் இவை விலை போகின்றன என்றால், அந்தப் பெருமையில் வாங்குகிற நமக்கும் பங்கு உண்டு. பானெட்டைத் திறந்து உடனே மூடுவது நாம். டயரைக் காலால் உதைத்துப் பார்த்துத் திருப்தி அடைவதும், பாட்டுப்பெட்டியை முழுச் சத்தத்தில் வைத்துப் பார்ப்பதும், 'டாக்டர் வச்சிருந்த வண்டி சார்' என்றதும் டாக்டர் யார் என்றுகூடக் கேட்காமல் அட்வான்ஸை எடுப்பதும் நாம்தான். நெல்லையும் கரும்பையும் முந்திரியையும் விற்றுச் சேர்த்த பணம் அது. வெள்ளம் வரும் நாளில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு போகத்தான் பலர் இந்த வண்டியை வாங்குகிறார்கள். தண்ணீருக்கு நடுவே அது நின்றுவிட்டால் போவது பணம் மட்டும் அல்ல.

ஆகவே விற்பவர்களின் கைவண்ணத்தை மனதாரப் பாராட்டிவிட்டு, வண்டியை உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கின் பட்டறைக்கு ஓட்டிச் செல்லக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். லிஃப்டில் ஏற்றி அடிப்பாகம் பார்க்க வேண்டும், கம்ப்ரஷன் அளக்க வேண்டும், ஆக்ஸில் ஆயில் மூடியைத் திறக்க வேண்டும், ஸ்கேனர் போட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு ஆகும் கூலியை நீங்களே கொடுங்கள். பட்டறைக்கு வர மறுக்கும் வண்டியை, அது எவ்வளவு மின்னினாலும், வாங்காதீர்கள்.